நிரல் சரியென்று நிறுவவும் கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினியியல் கற்பிக்கிறேன். மாணவர்கள் கணினி நிரல் (program) எழுதி, நாலைந்து உள்ளீடுகள் கொடுத்து, விடை வந்ததும் வேலை முடிந்ததாகக் கருதுகிறார்கள். நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் ஐயமற எழுதிவைக்க அவர்களைப் பழக்காதது எங்கள் குறையே.

அண்மையில் ஒரு மாணவியின் இருமத் தேடல் நிரல் (வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு முறையும் நடுவில் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் தேடுவது) எல்லாச் சோதனைகளிலும் தேறியது. ஆனால் நடு இடத்தைக் காண அவர் இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார். 32 பிட் முழு எண்ணில் அக்கூட்டுத்தொகை 214,74,83,647ஐத் தாண்டினால் குறை எண்ணாகிவிடும். ஜாவா என்ற நிரல்மொழியின் ஆயத்த நிரல் தொகுப்பிலேயே பல ஆண்டுகள் ஒளிந்திருந்த இப்பிழை 2006இல்தான் பரவலாகத் தெரியவந்தது.

நிரல் தொடங்கும்முன் உண்மையாக இருக்க வேண்டிய முன்நிபந்தனையையும் முடிந்தபின் உண்மையாக வேண்டிய பின்நிபந்தனையையும் தருக்கக் கூற்றுகளாக எழுதி, இடைப்பட்ட ஒவ்வொரு படியையும் விதிப்படி நிறுவும் முறையை பிரிட்டானியக் கணினியியலாளர் டோனி ஹோர் 1969இலேயே வகுத்துத் தந்தார். அதில் கடினமானது, ஒரே படிகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் உண்மையாக நிற்கும் மாறாக்கூற்றைக் கண்டறிவதுதான். இதற்கு எடுத்துக்காட்டாக, எங்கள் ஊர்ச் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில், செய்து முடித்த கொலுசு, கையிருப்பு, சேதாரம் மூன்றும் சேர்ந்து, கொடுத்த வெள்ளியின் எடைக்கு எந்த நேரத்திலும் ஈடாக வேண்டும் என்று வகுப்பில் சொன்னபோது, பட்டறைக் குடும்பத்துப் பிள்ளைகள் உடனே புரிந்துகொண்டார்கள்.

பாரிஸ் நகரில் 1998இல் தொடங்கிய ஓட்டுநரில்லா 14ஆம் மெட்ரோ தடத்தின் பாதுகாப்பு மென்பொருள் சரியென்று இவ்வாறு தருக்கமுறையில் நிறுவப்பட்டதே. எனவே முதலாண்டிலேயே தருக்கவியலைச் சேர்த்து, ஒரு நிரலையேனும் சரியென்று மாணவர்கள் கைப்பட நிறுவும்படி பாடத்திட்டக் குழுவினர் வகை செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினியியல் விரிவுரையாளர்,
சேலம்.