அரை விநாடி உறுத்தல்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
23-11-2025, ஞாயிறு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே ஒன்றரை மணி நேர பஸ் பயணம்தான். அதற்குள் உறை ஒட்டி, தபால்தலை ஒட்டி அனுப்புகிற ஆள் எனக்கு உன்னைத் தவிர வேறு யாரும் இல்லை. உன் அண்ணிதான் முதலில் பிரித்து வாசித்தாள். வாசித்துவிட்டு, "தட்டச்சுக் கடையை மூடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறார், முதலில் இதற்குப் பதில் எழுதுங்கள்" என்று கையில் கொடுத்தாள்.

எழுதுகிறேன். ஆனால் நேராக அதில் இறங்கினால் இரண்டாவது வரியிலேயே உன்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன். நீ கேட்டிருந்த கணினி உலகச் சங்கதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளியன்று நண்பகல் நீ லேகியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பாய். அந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் நிறுவனம் பிறருக்கு வாடகைக்கு விடும் 'கிளவுட்' கணினி மையங்களில் கோளாறு தொடங்கியது. ஸ்னாப்சாட், சிக்னல் என்று உலகம் முழுக்க எத்தனையோ செயலிகள் வரிசையாகப் படுத்தன. மகள் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "கிளவுட் விழுந்துவிட்டதாம் பாட்டி" என்றாள். அம்மா முறுக்குத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஐப்பசியில் மேகம் இறங்காமல் சித்திரையிலா இறங்கும்?" என்று கேட்டார். நாங்கள் சிரித்து அடங்க வெகு நேரம் ஆயிற்று.

காரணத்தைப் பிறகு அந்த நிறுவனமே விளக்கமாக வெளியிட்டது. பெயரைச் சொன்னால் முகவரி சொல்லும் ஏடுதான் டிஎன்எஸ் என்பது உனக்குத் தெரியும். அந்த ஏட்டைப் புதுப்பிக்க அவர்களிடம் ஒரே வேலையைச் செய்யும் தானியங்கி நிரல்கள் சில ஓடுகின்றன. அவற்றில் ஒன்று வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்து, பழைய பட்டியலைக் கொண்டுவந்து புதியதன் மேல் எழுதிவிட்டது. அதே சமயத்தில் இன்னொன்று, பழைய பட்டியல்களைக் கழிக்கும் வேலையில் இறங்கி, நடப்பில் இருந்த அந்தப் பட்டியலையே அழித்துவிட்டது. முகவரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகிவிட்டது. நம் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று கதவில் எழுதிவிட்டுப் போவார்களே, அதை நினைத்துக்கொள். ஒருவர் புதிய எண்ணை எழுதிப் போகிறார். பிந்தி வந்தவர் அதன் மேல் பழைய எண்ணை எழுதுகிறார். புதிய எண் எழுதியவரே திரும்பி வந்து, பழைய எண் கண்ட இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்துப் போகிறார். தபால்காரர் தெருமுனையில் நிற்கிறார். வீடும் இருக்கிறது, வீட்டுக்குள் ஆளும் இருக்கிறார், எண்தான் இல்லை. கணினி நிர்வாகிகள் நடுவே ஒரு பழைய நகைச்சுவை உண்டு: "டிஎன்எஸ் காரணமாக இருக்காது, டிஎன்எஸ் காரணமாக இருக்கவே முடியாது, டிஎன்எஸ்தான் காரணம்." இந்த முறையும் அதுவே பலித்தது.

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில், பல இணையதளங்களுக்கு முன்னால் காவல் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் முறை வந்தது. சாட்ஜிபிடி, எக்ஸ் எல்லாம் அதோடு சேர்ந்து நின்றன. ரேஷன் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் இரண்டு முறை அச்சானதுபோல, அவர்களுடைய ஒரு கோப்பில் வரிகள் இரட்டித்துவிட்டன. அந்தக் கோப்பை வாசிக்கும் நிரலோ 200 அம்சங்களுக்கு மேல் வராது என்று நம்பி எழுதப்பட்டது. வந்ததும் நின்றுவிட்டது. முதலில் யாரோ தாக்குகிறார்கள் என்றே அவர்கள் சந்தேகப்பட்டார்கள். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அன்றைக்கே, எந்த வரியில் பிழை என்பதுவரை நிரலோடு எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினார்கள். பிழையை மறைக்காத தொழில் என்றால் எனக்கு மரியாதை வருகிறது. நீயும் அச்சுப்பிழை போன மறுநாளே திருத்தச் சீட்டு அடித்து ஒட்டுகிறவன்தானே.

இனி உன் விஷயம். "மெய்ப்புப் பார்க்க (அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்த) இனி யாரும் வர மாட்டார்கள், ஏஐ பார்த்துவிடுகிறது. கண்ணும் தேய்ந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். கண் தேய்ந்ததற்குக் கண்ணாடி மாற்று. மற்றதற்கு ஒரு கதை சொல்கிறேன், பொறுமையாக வாசி.

விண்டோஸைப்போல இன்னோர் இயங்குதளமான லினக்ஸ் ஓடும் கணினிகளில் கோப்புகளைச் சுருக்குவதற்கு எக்ஸ்இசட் என்று ஒரு சிறு மென்பொருள் உண்டு. அதைப் பராமரித்தவர் லாசே காலின் என்ற ஒரு மனிதர். சம்பளம் கிடையாது, ஓய்வு நேரத்தில் செய்தார். மனநலம் சரியில்லை, முன்போல நேரம் ஒதுக்க முடியவில்லை என்று அவரே எழுதியிருந்தார். அந்தச் சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தார். வேறு சில பெயர்களில் வந்தவர்கள், "பொறுப்பை இவரிடம் கொடு" என்று காலினை நெருக்கினார்கள். கொடுத்தார். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அந்த ஆள் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வாசலையே திறந்துவிடும் கதவு அது. உலகத்தின் பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அவற்றுக்குள் அது பரவியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்.

பரவவில்லை. ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்று ஒரு பொறியாளர். மைக்ரோசாப்டில் வேலை, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குகிறவர்களில் ஒருவர். வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடி! நாம் கண் சிமிட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அவருக்கு அது உறுத்தியது. ஏன் அரை விநாடி என்று தோண்டிக்கொண்டே போய்க் கள்ளக் கதவைக் கண்டுபிடித்து, 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். பாதுகாப்பு ஆய்வு அவருடைய தொழில் அல்ல. எந்த எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. ஒரு மனிதருக்கு உறுத்தியது, அவ்வளவுதான்.

அதை வாசித்த இரவு எனக்கு உன் நினைவுதான் வந்தது. திருப்பாதிரிப்புலியூர் அச்சகத்தில் வேலை செய்த நாளில், ராத்திரி பதினொரு மணிக்கு ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? மூவாயிரம் அழைப்பிதழ். "எங்கேயோ ஒன்று இடிக்கிறது" என்றாய். எங்கே என்று உனக்கே தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்து, 'மணமக்கள்' என்பது ஓர் இடத்தில் 'மனமக்கள்' என்று விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தாய். முதலாளி உனக்கு அன்று பரோட்டா வாங்கிக் கொடுத்தார். பிராயிண்டுக்கு இருந்ததும் உனக்கு இருப்பதும் ஒரே உறுத்தல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீ நம்ப மாட்டாய் என்று சோதித்தே பார்த்துவிட்டேன். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அழைப்பிதழை அவர்கள் பையன் கைப்பேசியில் பேசியே தட்டச்சு செய்திருந்தான். 'தாய்மாமன் வழிச் சீர்' என்பது 'தாய்மாமன் வலிச் சீர்' என்று வந்திருந்தது. தாய்மாமன் பார்த்துவிட்டு, "எவ்வளவு செலவு என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறது" என்றார், கூடம் அதிர்ந்தது. நான் அந்த வாசகத்தை ஒரு ஏஐ செயலியிடம் திருத்தக் கொடுத்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஒற்றுப் பிழைகளில் பெரும்பகுதியை நொடியில் திருத்திவிட்டது, அசந்துபோனேன். ஆனால் 'வலி' அப்படியே இருந்தது. மண்டபம் இருக்கும் துய்மா வீதியை, கேட்காமலே, 'தூய்மை வீதி' என்று மாற்றியிருந்தது. பிரெஞ்சு ஆளுநர் ஒருவரின் பெயர் சுத்தத்துக்குப் போய்விட்டது! அந்த முகவரியை நம்பி வரும் காரைக்கால் உறவினர்கள் தூய்மை வீதியை எங்கே போய்த் தேடுவார்கள்? ஊரைத் தெரிந்த கண் ஒன்று கடைசியில் வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணுக்குக் கூலி கேட்க நீ கூச்சப்படுகிறாய், அதுதான் உன் கடையின் உண்மையான நோய். தட்டச்சுக்கு வாங்குவதைக் குறைத்துக்கொள், மெய்ப்புக்கு வாங்குவதைக் கூட்டு. இனி அதுதான் அரிய சரக்கு.

தமிழை இயந்திரம் எப்படிப் பார்க்கிறது என்பது உனக்கு வேடிக்கையாக இருக்கும். 'தமிழ்' என்று எழுதிக் குழந்தையிடம் காட்டினால் மூன்று எழுத்து என்று சொல்லும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் எண்ணும் நிரல் ஐந்து என்று சொல்லும். மகரத்தோடு ஒட்டிய கொக்கி தனி, ழகரத்தின் புள்ளி தனி. வட்டில் சேமித்தால் பதினைந்து பைட். ஒரு சொல்லைத் திருப்பிப் போடும் பயிற்சியை எல்லாக் கல்லூரியிலும் கொடுப்பார்கள். மகள் அதில் 'தமிழ்' என்று கொடுத்துப் பார்த்தாள். முதலில் ஓர் அநாதைப் புள்ளி, பிறகு 'ழிமத' என்று வந்தது. கொக்கி மகரத்தை விட்டு ழகரத்தோடு போய்விட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. 1991-இல் யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்திருந்த வரிசையையே பின்பற்றினார்கள். அதனால்தான் நம் கட்டத்தில் நடுநடுவே காலி இடங்கள். உயிர்மெய்க்கெல்லாம் தனித்தனி இடம் கொடுக்கும் டேஸ்16 முறையைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. ஆனால் கைப்பேசிகளும் இணையமும் யூனிகோடிலேயே நிலைத்துவிட்டன. இதற்கு விலையும் இருக்கிறது. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும். தமிழ் என்றால் 70 குறியீடுதான், அதில் புள்ளியும் கொக்கியும் சேர்த்தி. ஏஐ நிறுவனங்களும் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கிடுகின்றன. ஒரே விஷயத்தைத் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தைவிடத் துண்டுகள் அதிகம். நம் மொழியில் பேசுவதற்கு நாம் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பது எனக்கு ஆறவில்லை. இணையத்தில் நல்ல தமிழ் ஏற ஏற இது குறையும் என்று நம்புகிறேன். அதற்கும் உன்னைப்போலப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள்தான் வேண்டும்.

இனி உன் கடைக் கணினிகள் விஷயம். விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது உண்மைதான். அதற்காக ஓடுகிற இயந்திரம் இரண்டையும் பழைய இரும்புக்குப் போடுவதாக எழுதியிருக்கிறாயே, வயிறு எரிகிறது. அவை விண்டோஸ் 11-ஐ ஏற்காததற்குப் பாதுகாப்புச் சில்லு இல்லாதது ஒரு காரணம். மற்றபடி அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றில் லினக்ஸ் போட்டுத் தருகிறேன். எழுதுவதற்கான லிப்ரே ஆபிஸும் பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸும் தமிழை நன்றாகவே தாங்கும். மற்றொன்றின் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பக்கம் அமைக்கும் உன் பழைய பேஜ்மேக்கருக்கென்றே வைத்துக்கொள்.

அதில் இருக்கும் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளை மட்டும் ஒருபோதும் அழிக்காதே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும், ஆனால் அவை குப்பை அல்ல. கடலூரில் இருபது வருடம் நடந்த கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அந்தக் குப்பையையே நீ நேராகத் தமிழாக வாசிப்பாய். அரைப்புள்ளியைக் கண்டால் புள்ளி என்று உன் கண் எடுத்துக்கொள்ளும். அதைச் செய்யக்கூடியவர்கள் இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள்? யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒரு முறை நீ பார்த்தால் போதும்.

அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். சண்டே மார்க்கெட்டில் தேடி, சாவி தேயாத விசைப்பலகை ஒன்று உனக்காக வாங்கி வைத்திருக்கிறேன். அதையும் ஒரு வெளி வன்தட்டையும் கொண்டு வருவேன். மகளிடம் பெரியப்பா கேட்டதாகச் சொல். மதியம் சாப்பாடு உன் வீட்டில்தான். மழை இல்லையென்றால் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகலாம். அதுவரை கடை வாசலில் எந்த அறிவிப்பும் ஒட்டாதே.

என்றும் அன்புடன்,
உன் பழைய அச்சகத் தோழன்