பிங்க் ஃபிளாய்ட் எனக்குப் பிடிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகப் புகழ்பெற்ற ராக் குழுக்கள் பற்றி நீங்கள் தொடங்கியிருக்கும் தொடரின் முதல் கட்டுரையைப் படித்தேன். பிங்க் ஃபிளாய்ட் பற்றித் தமிழில் ஒருவர் இவ்வளவு ஆசையோடு எழுதியிருப்பது சந்தோஷம்தான். ஆனால் கட்டுரை முடிகிற இடத்தில், இந்தக் குழுவை ரசிக்க முடியாதவர்களுக்கு இன்னும் காது பழகவில்லை என்கிற பொருளில் ஒரு வரி வருகிறதே, அது என்னைத் தூங்க விடவில்லை. எனக்கு பிங்க் ஃபிளாய்ட் பிடிக்காது. கேட்காமல் சொல்லவில்லை. கல்லூரி விடுதியில் அறை நண்பன் வைத்திருந்த கேசட் காலத்திலிருந்து இன்று போனில் ஹெட்போன் மாட்டிக் கேட்பது வரை, வருடக்கணக்காகக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். ராக் எனக்கு ஆகாத இசையும் இல்லை. பிளாக் சாபத் என்றால் எனக்கு உயிர், அதைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

கட்டுரையாளர் உச்சம் என்று சொல்வது 1973 மார்ச்சில் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை. அதற்கு அவர் அடுக்குகிற காரணங்கள், அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 1988 வரை 741 வாரம் இருந்தது, உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றது, முப்பட்டகத்தில் ஒளி சிதறும் அந்த அட்டைப்படம் இன்றைக்கும் பையன்களின் டீ-ஷர்ட்டில் இருக்கிறது என்பவை. சரி, எல்லாம் உண்மை. ஆனால் இதில் எதுவும் அந்தப் பாட்டு காதில் எப்படி விழுகிறது என்று சொல்லவில்லையே. நான் ஒரு வாசகன், என்னிடம் விற்பனைக் கணக்கைக் காட்டி நீ ஏன் ரசிக்கவில்லை என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

எனக்குக் கேட்டதைச் சொல்கிறேன். இதயத்துடிப்பு மாதிரி ஒரு ஒலியில் தொடங்குகிறது. கொஞ்சம் தள்ளி ஒரு இடத்தில் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறுகின்றன, ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து கொண்டுவந்த ஒலிகள் அவை. இன்னொரு பாட்டில் காசு குலுங்குவதையும் கல்லாப்பெட்டி திறப்பதையும் பதிவு செய்து, டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, வளையமாக்கி ஓடவிட்டு அதையே தாளமாக்கியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் இழுத்துப் போடுகிற வசதி இல்லாத காலத்தில் கையால் செய்த வேலை. அந்த உழைப்பு பெரிய உழைப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடிகாரம் அடித்து ஓய்ந்த பிறகு வருகிற பாட்டு என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை. எல்லாம் ஒரே நிதானத்தில் நகர்கிறது, பாடுகிறவர் தள்ளி நின்று வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொல்கிறார், வரிகளில் கோபம் இருக்கிற இடத்தில்கூடக் குரலில் கோபம் இல்லை.

அந்தக் காசுச் சத்தப் பாட்டு ஏழு எண்ணிக்கையில் போகிறது என்பதை மேற்கத்திய விமர்சகர்கள் பெரிய துணிச்சலாக எழுதுவார்கள், நம் கட்டுரையாளரும் அதை அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலான ராக் பாட்டு நாலில் போகிற இடத்தில் அது துணிச்சல்தான். ஆனால் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் கீர்த்தனை கேட்டு, தகிட தகதிமி என்று தொடையில் தட்டிப் பழகிய நமக்கு ஏழு என்பதே ஒரு ஆச்சரியமா? ஏழை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்றல்லவா நாம் கேட்க வேண்டும்? டிக் பாரியின் சாக்ஸபோன் ஏழிலேயே வாசிக்கிறது, அதுவரை நன்றாகவே இருக்கிறது. அடுத்து டேவிட் கில்மரின் கிட்டார் வருகிறது, எல்லோரும் கொண்டாடுகிற இடம், அங்கே போய்த் தாளத்தை நாலுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஏழிலேயே நின்று அந்தக் கிட்டார் முட்டி மோதியிருந்தால் நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். கட்டுரையாளர் இந்த மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் காதில் அது விழுந்ததா, அல்லது ஏழு என்று எங்கோ படித்ததை எழுதினாரா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அந்த ஆல்பத்தில் என்னை உலுக்குகிற இடம் ஒன்று உண்டு. இசைத்தட்டின் முதல் பக்கம் முடிகிறபோது, வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் கதறும், இறங்கும், மறுபடி எழும்பும், அப்புறம் தேய்ந்து அடங்கும். பாடியவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். வரிகள் கிடையாது, பாட வேண்டிய மெட்டு என்று எதுவும் எழுதி வைக்கவில்லை, குழுவில் பியானோ வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் இசையைப் போட்டுக் காட்டி, இதன் மேல் உனக்குத் தோன்றுவதைப் பாடு என்றார்கள். பாடினார், 30 பவுண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இசையமைத்தவர் என்று ரைட்டின் பெயர் மட்டும்தான் போட்டார்கள். 2004இல் டோரி வழக்குப் போட்டு, 2005இல் சமரசமாகி, அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில்தான் கிளேர் டோரியின் பெயர் ரைட்டின் பெயரோடு சேர்ந்து வருகிறது. உங்கள் நீண்ட கட்டுரையில் இந்தப் பெண்ணின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அட்டைப்படத்துக்கு ஒரு முழுப் பத்தி இருக்கிறது, இவருக்கு ஒரு வரி இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான்.

அடுத்து, உலக விமர்சகர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்கிற வாதம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003இல் 500 சிறந்த ஆல்பங்கள் என்று பட்டியல் போட்டபோது பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' முதலிடம். 2020இல் அதே பத்திரிகை புதிதாக வாக்கெடுத்தது, பாடகர் மார்வின் கேயின் ஆல்பம் ஆறாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தது, 'சார்ஜண்ட் பெப்பர்' 24ஆம் இடத்துக்குப் போனது. பதினேழு வருடத்தில் அந்த ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. வாக்குப் போட்டவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். இதே பத்திரிகை 1969இல் லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை மோசம் என்றது, 1970இல் பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்தையும் கிழித்துத் தொங்கவிட்டது. அன்றைக்கு அந்த விமர்சனங்களைப் படித்துவிட்டு, பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு பையன் பிளாக் சாபத்தைக் கேட்காமல் விட்டிருந்தால் அவனுக்கு எவ்வளவு நஷ்டம்!

பிளாக் சாபத்தின் டோனி அயோமி பர்மிங்காமில் தகரப் பட்டறையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில், 17 வயதில், இயந்திரத்தில் கை சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைக்காரர், அதனால் தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளை மாட்டிக்கொண்டு வாசித்தார். பிற்பாடு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார், விரலுக்கு வலி குறைந்தது, ஒலி இன்னும் கனமானது. முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். அந்தக் கதை எதுவும் தெரியாமல்தான் நான் முதலில் கேட்டேன். முதல் பாட்டில் மழைச் சத்தத்துக்கும் மணியோசைக்கும் பிறகு அந்த மூன்று ஸ்வரங்கள் இறங்கியபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. இங்கே யாரும் எனக்குக் காது பழக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் தொடரில் வரப்போகிற குழுக்களின் பெயர்களைப் போட்டிருக்கிறீர்கள், அதில் பிளாக் சாபத் இல்லை. அது பெரிய குறை.

யு2 என்ற ராக் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 2019இல் மும்பைக்கு அவர்கள் வருவதற்கு முன்னால் ரகுமானோடு சேர்ந்து ஒரு பாட்டு வெளியிட்டார்கள், ரகுமானின் மகள்கள் அதில் திருக்குறள் பாடினார்கள். நம் குறள் ஒரு அயர்லாந்துக் குழுவின் பாட்டில் ஒலித்தது பெருமையாக இருந்தது, அந்தப் பெருமையைக் கழித்துவிட்டுக் கேட்டால் மற்ற யு2 பாட்டுகள் போலவே எனக்குத் தட்டையாகத்தான் இருந்தது. கிட்டார் எதிரொலித்து எதிரொலித்துப் பெரிய மைதானத்தை நிரப்புகிறது, எனக்குள் எதையும் நிரப்பவில்லை.

என் அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். நண்பர்கள் நடுவே ரேடியோஹெட் என்ற ராக் குழு ரொம்பப் பிடிக்கும் என்பான். ஒருநாள் மொட்டை மாடியில் இரண்டு பேரும் அவர்களுடைய 2000ஆம் வருட ஆல்பத்தைக் கேட்டோம், பாதியிலேயே, மாமா எனக்கு இது ஒன்றுமே புரியவில்லை, வெளியே சொன்னால் கிண்டல் செய்வார்கள் என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ராஜாவா ரகுமானா என்று விடிய விடியச் சண்டை போடுகிறவர்கள் நாம். ராஜா பாட்டிலேயே இது சுமார், அது தேறாது என்று டீக்கடையில் நின்று கறாராகப் பேசுகிறோம், யாரும் யாரையும் பட்டிக்காடு என்று சொல்வதில்லை. ஆங்கிலப் பாட்டு என்றதும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்? தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்கிற பயம்தான். உங்கள் கட்டுரையின் அந்தக் கடைசி வரி அந்தப் பயத்துக்கு இன்னும் கொஞ்சம் தீனி போடுகிறது. படிக்கிற பையன்களும் பெண்களும் பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்லப் பழகிவிட்டால், நாளைக்கு உண்மையிலேயே பிடித்தது எது என்று அவர்களுக்கே தெரியாமல் போகும்.

அடுத்த இதழில் லெட் செப்பலின் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதன் பாடகர் ராபர்ட் பிளாண்டின் குரல் எனக்கு ஒத்துவராது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் 1971 ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் ஜான் பொன்ஹாமின் டிரம்ஸ் இருக்கிறதே, அதை மட்டும் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்து, மைக்கை மேலே படிகளிலிருந்து தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள், அதனால்தான் ஒவ்வொரு அடியும் அந்தக் கூடத்தின் சுவரில் மோதிவிட்டு வருகிறது. அந்தப் பாட்டு அவர்களுடைய சொந்தப் பாட்டும் இல்லை. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்தது. கட்டுரையாளர் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதட்டும். விற்பனையும் விருதும் பட்டியலும் நாலு வரியில் போதும். எந்தப் பாட்டில், எந்த இடத்தில், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லச் சொல்லுங்கள், கட்டாயம் கேட்கிறேன். கேட்ட பிறகும் எனக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதி அனுப்புவேன், தயவுசெய்து பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நீண்டநாள் வாசகன்,
ஈரோடு