சைலன்சரை மேலே தூக்கி நிறுத்தும் மகனுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. மற்ற சேதியெல்லாம் அப்புறம். முதலில் உன் பிக்கப் வண்டிக்கு நீ வாங்கிய அந்தச் சைலன்சர் குழாய் விஷயம்.

நீ ஸ்டேட்டஸில் வைத்த வீடியோவைப் பெரியமாமா பேரன் கொண்டுவந்து காட்டினான். கராஜில் அட்டைப்பெட்டி பிரித்துக் கிடக்கிறது, குரோம் போட்ட குழாய் இரண்டு பளபளவென்று நிற்கிறது, "அடுத்த வாரம் வண்டியின் பின்தொட்டியில் துளை போடுகிறோம்" என்று நீ சிரிக்கிறாய். மருமகள் வண்டி நிற்கிற இடத்தில்தான் பெட்டியைப் பிரித்திருக்கிறாய். வேலைக்குப் போயிருப்பாள் போல. சனிக்கிழமையும் வேலை வைக்கிறார்களா என்ன? சரி, அது இருக்கட்டும். இதைப் போனிலேயே பேசியிருப்பேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், வேறு வேறு கேள்வி கேட்பாள். அதனால் எழுதுகிறேன்.

டிராக்டருக்கு சைலன்சர் மேலே நிற்பதற்குக் காரணம் உண்டு. காய்ந்த தாளும் சருகும் கிடக்கிற காட்டில் சூட்டுக்குழாயைக் கீழே விட முடியாது. உங்கள் ஊர் பெரிய லாரிகளில் கேபினுக்குப் பின்னால் குழாய் நிற்பதற்கும் காரணம் உண்டு, பக்கத்தில் போகிறவன் முகத்தில் புகை அடிக்காமல் மேலே போகட்டும் என்றுதான். உன் பிக்கப்புக்கு என்ன காரணம்? அழகுக்கு என்றால் அழகுக்கு என்றே சொல், அப்பா ஒன்றும் சொல்லமாட்டேன். நம் டீசல் பம்ப் பட்டறைக்கு வந்த லாரிக்காரர்கள் பம்பர் முழுக்கச் சாமி படமும் குஞ்சமும் கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நீ. ஆனால் புல்லிங் கூடும் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. புல்லிங், டீசலைப் பீய்ச்சுகிற நாசிலிலும் காற்றைத் திணிக்கிற டர்போவிலும் இருக்கிறது. புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கிறதே, டி.பி.எஃப், அதற்கு அப்புறம் வருகிற குழாயை அஞ்சு இஞ்சாக்கினாலும் எட்டு இஞ்சாக்கினாலும் சத்தம்தான் மாறும்.

அதனால்தான் எனக்குச் சந்தேகம். குழாய் மட்டும்தானா, இல்லை டி.பி.எஃப்பையும் கழற்றப் போகிறாயா? உன் வண்டி 2016 மாடல், ராம் 2500, கம்மின்ஸ் 6.7 லிட்டர். அதில் டி.பி.எஃப்பும் இருக்கிறது, புகையைச் சுத்தம் பண்ணுகிற யூரியாவுக்கு டேங்கும் இருக்கிறது. இங்கே 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததிலிருந்து நம் ஊர் வண்டிகளிலும் அதெல்லாம் வந்துவிட்டது. டிரைவர்கள் திட்டாத நாளில்லை. கழற்றிக் கொடுங்கள் என்று பட்டறைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். உனக்கு மட்டும் அந்த ஆசை வராது என்று நான் எப்படி நம்புவது?

கண்ணு, அதைத் தொடாதே. டெக்சாஸில் டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை கிடையாது, 2025 ஜனவரியிலிருந்து வருடாந்திர பாதுகாப்புச் சோதனையையும் எடுத்துவிட்டார்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று உன் சிநேகிதர்கள் சொல்வார்கள். சோதனை இல்லை என்பதால் சட்டம் இல்லை என்று ஆகிவிடுமா? சுத்தக் காற்றுச் சட்டம் மாநிலத்தின் சட்டம் இல்லை, வாஷிங்டன் சட்டம். பத்து வருஷத்தில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இப்படிக் கழற்றியிருக்கிறார்கள் என்று அவர்களுடைய சுற்றுச்சூழல் இலாகாவே 2020இல் கணக்குச் சொன்னது. ஊரே செய்கிறது என்று நீ சொல்வாய். ஊரார் அங்கே பிறந்தவர்கள். நீ கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறவன். உன் இன்ஜினைச் செய்த கம்பெனியே 2013 முதல் 2019 வரை வந்த ராம் வண்டிகளில் சாப்ட்வேரில் கள்ளத்தனம் பண்ணியதாக வழக்கு வந்து, 2024இல் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒத்துக்கொண்டது. அவர்களிடம் பணம் இருந்தது, கட்டினார்கள்.

நான் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை நினைத்துப் பார். மைக்கோ டீசல் பம்ப்பைக் கழற்றி பெஞ்சில் மாட்டி, குழாய்க்குழாயாக அளவு பார்த்து, ஆறு சிலிண்டருக்கும் சமமாக டீசல் விழுகிற வரை திருகிக்கொண்டிருப்பேன். வண்டி வாசலில் நுழையும்போதே புகையைப் பார்த்து வியாதியைச் சொல்லிவிடுவேன். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமல் வருகிறது, இல்லை தண்ணீர் இறங்குகிறது. கறுப்பாக வந்தால் டீசல் அதிகம், காற்று போதவில்லை. கரும்புகை என்றால் ஓனர் பாக்கெட்டிலிருந்து பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். அதை நிறுத்தத்தான் எனக்குக் கூலி கொடுத்தார்கள். உங்கள் ஊரில் காசு கொடுத்துக் கரும்புகை விடுகிறார்களாமே! டியூனர் வைத்து டீசலைக் கூட்டி, பின்னால் வருகிறவன் மேல் ஊதிவிட்டுப் போவதில் என்ன பெருமையோ. பிஸ்டன் தலை உருகிப்போன இன்ஜின்களை நீயே பார்த்திருக்கிறாய். தட்டில் எடுத்து வைத்து உனக்குக் காட்டியிருக்கிறேன், நடுவில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஓட்டை.

2021 செப்டம்பரில் உங்கள் டெக்சாஸில் வாலர் என்கிற ஊரில் நடந்தது உனக்குத் தெரியாமல் இருக்காது. நீ இருக்கிற கேட்டியிலிருந்து கூப்பிடு தூரம். பதினாறு வயதுப் பையன், டீசல் பிக்கப், சைக்கிளில் போனவர்கள் மேல் புகை விடப் போய் ஆறு பேர் மேல் ஏற்றிவிட்டான். நீ அப்படிச் செய்கிறவன் இல்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் மனசு சரியில்லாத நேரத்தில் காலுக்குக் கீழே அத்தனை குதிரைசக்தி இருந்தால் யார் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்? சரி, விடு.

குழாய் வாங்கிவிட்டாய், திருப்பிக் கொடுக்கமாட்டாய், அது எனக்குத் தெரியும். உன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அப்படியென்றால் ஒழுங்காகப் போடு. டி.பி.எஃப்பும், அதற்குப் பின்னால் யூரியா வேலை செய்கிற பெட்டியும், அங்கே இருக்கிற சென்சார்களும் கம்பெனி மாட்டியது அப்படியே இருக்கட்டும், அது எல்லாவற்றுக்கும் பின்னால் வெட்டு. இரண்டு குழாய் வேண்டாம், ஒன்று போதும். டேங்க் இடப்பக்கம் இருக்கிறது. இரண்டாவது குழாயை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டுமென்றால் டீசல் டேங்கையும் லைனையும் ஒட்டித்தான் போக வேண்டும். வலப்பக்கம் ஒரே குழாய். இன்னொன்றை விற்றுவிடு, இல்லை சுவரில் சாய்த்து வை.

மேலிருந்து கண்ணளவில் துளை போடாதே. தொட்டியின் அடியில் குறுக்குச் சட்டம் ஓடும். அது எங்கே என்று கீழே படுத்துப் பார்த்து, நட்டு வைத்த குழாய் மேலே எங்கே வரும் என்று தூக்குக்குண்டு விட்டுப் பார். சின்ன டிரில்லில் முதலில் ஒரு துளை, மறுபடி கீழே போய்ப் பார், பிரேக் குழாய், ஒயர் எதுவும் குறுக்கே இல்லையே என்று. அப்புறம்தான் பெரிய துளை. விளிம்பை அரத்தால் தேய்த்து அன்றைக்கே பிரைமர் அடித்துவிடு, உங்கள் ஊர் கடல்காற்று வெறும் இரும்பை விட்டுவைக்காது. குழாய்க்கும் துளைக்கும் நடுவே சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். பாரத்தைச் சேஸில் ரப்பர் போட்டுத் தொங்கவிடு, தொட்டித் தகரத்தில் மாட்டாதே. இன்ஜின் ஒரு பக்கம் ஆடும், தொட்டி ஒரு பக்கம் ஆடும், நடுவில் குழாய் விறைத்து நின்றால் வெல்டிங் விட்டுப்போகும். வெல்டிங் வைக்கும் முன் இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் கழற்று. இரண்டையும். ஒன்றைக் கழற்றிவிட்டு அடுத்ததை மறந்தால் கம்ப்யூட்டர் போய்விடும், அந்தப் பணத்தில் இங்கே ஒரு பைக் வாங்கலாம்.

குழாய் கீழே வளைகிற அடிமுழங்கையில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை விடு. வாயை நேராக வானத்தைப் பார்த்து வைக்காதே, பின்பக்கம் வளைந்ததாக இருக்கட்டும். எல்லாம் முடிந்ததும் வண்டி சூடாவதற்குள் கெட்டித் துணியைக் குழாய் வாயில் ஒரு நொடி அமுக்கிப் பிடி. எந்த இணைப்பில் உஸ்ஸென்று கேட்கிறது என்று கீழே ஒருவன் காது வைத்துக் கேட்க வேண்டும். தனியாகச் செய்யாதே. அந்தப் புகை பின்கண்ணாடி வழியாக உள்ளே வந்தால் வாசனை கூடத் தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். யார் இருக்கிறார்கள் அங்கே, உனக்கு ஒத்தாசைக்கு?

சூடுதான் எனக்குப் பெரிய கவலை. டி.பி.எஃப் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும்போது உள்ளே 600 டிகிரிக்குப் போகும். கம்பெனிக் குழாய் அந்தச் சூட்டைக் கீழே, பின்னால் கொண்டுபோய் விடுகிறது. நீ அதைத் தொட்டிக்கு நடுவில் கொண்டுவருகிறாய். பாப்பாவுக்குத் தொட்டியில் ஏறி நின்று ஆடுவதுதான் விளையாட்டு, நாங்கள் வந்திருந்தபோது பார்த்தோமே. குழாயில் அவள் கை படுகிற உயரம் வரைக்கும் துளை போட்ட தகர உறை சுற்று. பேருக்கு இல்லை, குழாயிலிருந்து தள்ளி, காற்றோட்டமாக. அப்புறம் சத்தம். அவள் பின்சீட்டில்தான் தூங்குவாள், அவள் தலைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். வீடியோவில் பின்கதவு திறந்திருந்தது. அவள் சீட்டைக் காணோம். வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருப்பாய். வேலை முடிந்ததும் மாட்டிவிடு. பெல்ட்டை முட்டி வைத்து அழுத்தி இழுத்து மாட்ட வேண்டும், எனக்கே சொல்லிக்கொடுத்தவன் நீ.

உன்மேல் எனக்குக் குறை இல்லை. பத்தாவது படிக்கும்போதே நாசிலைக் கழற்றி, கழுவி, மாட்டி, சத்தத்தை வைத்தே எது ஒழுகுகிறது என்று சொன்னவன் நீ. சங்ககிரி ஓனர் ஒருவர், "பையனைப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிடுங்கள்" என்றார். நான்தான் காலேஜுக்கு அனுப்பினேன். இன்றைக்கு ஹூஸ்டனில் ரிஃபைனரிக்குக் குழாய் போடுகிறவன் என் மகன் என்று டீக்கடையில் சொல்லாத ஆள் இல்லை. அத்தனை பெரிய குழாய்க்குக் கணக்குப் போடுகிறவனுக்கு இந்தக் குழாயைப் பற்றி நான் சொல்வதா என்று நினைத்தேன். ஆனால் தீபாவளிக்கு இரண்டு நிமிஷம்தான் பேசினாய். பாப்பா தூங்குகிறாள் என்றாய். அங்கே அப்போது சாயங்காலம் ஆறு மணி. பொங்கலுக்கும் தூங்குகிறாள். பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்கு மூன்று பேரும் போன போட்டோ மாசாமாசம் வரும், அதுவும் இல்லை. அம்மா அதை வைத்து ஏதேதோ சொல்கிறாள். நான் குழாய் வேலையில் இருக்கிறான், நேரம் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு தடவை சொல்கிறேன். டி.பி.எஃப்பைத் தொடாதே, ஒரே குழாய், இரண்டு பேட்டரியும் கழற்று. வெல்டிங் வைக்கும் முன்னால் அடிப்பக்கத்தை வலப்பக்கமிருந்து போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். அங்கே ராத்திரியானால் எனக்குப் பகல், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. அம்மா தோட்டத்துக்குப் போகிற நேரம் காலை ஏழிலிருந்து எட்டு.

அவள் பாப்பாவுக்கு முறுக்கும் எள்ளுருண்டையும், சித்தி தைத்த பாவாடையும் கட்டி வைத்திருக்கிறாள். போன தடவை அனுப்பிய பார்சல், அந்த விலாசத்தில் வாங்க ஆளில்லை என்று திரும்பி வந்துவிட்டது. அதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை, பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை எந்த விலாசம் போட வேண்டும்? ஒன்றா இரண்டா என்று மட்டும் எழுது, இரண்டாகவே கட்டித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா