ஏழு தரஜாக்களும் இமாம் ஜஸ்ஸாஸும்: ஹனஃபி மத்ரஸா உஸ்தாதுமார்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்ணியத்திற்குரிய உலமாக்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வழங்கும் பயிற்சிக்கு ஹனஃபி ஆலிம் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் 'ஷரஹ் உகூத் ரஸ்மில் முஃப்தி' என்ற, முஃப்திகளுக்கான நெறிமுறை நூலை ஓதிக்கொடுக்கிறீர்கள். அதில் வரும் ஃபுகஹாக்களின் (மார்க்கச் சட்ட அறிஞர்களின்) ஏழு தரஜாக்களை, அதாவது மேலிருந்து கீழாக எண்ணப்படும் ஏழு படித்தரங்களை, மாணவர்கள் மனப்பாடமாகவே ஒப்பிக்கிறார்கள். அந்தப் பட்டியலை வகுத்தவர் ஹிஜ்ரி 940இல் வஃபாத்தான (மறைந்த) உஸ்மானிய ஷைகுல் இஸ்லாம் இப்னு கமால் பாஷா. பின்னால் வந்த ஹனஃபி ஆலிம்களே அதை மறுத்து எழுதியிருக்கிறார்கள். அந்த மறுப்பையும் அதே பாடத்தோடு சேர்த்து நடத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இமாம் அபூபக்ர் ஜஸ்ஸாஸை எடுத்துக்கொள்ளுங்கள். இமாம் கர்கியின் மாணவர், 'அஹ்காமுல் குர்ஆன்' எழுதியவர், ஹிஜ்ரி 370இல் வஃபாத்தானவர். பட்டியலில் அவருக்கு நான்காம் தரஜாதான். இஜ்திஹாத் (ஆதாரங்களிலிருந்து தாமே சட்டம் எடுத்தல்) செய்யும் தகுதியில்லாத, தக்ரீஜ் (இமாம்களின் சொல்லை விரித்து விளக்குதல்) மட்டுமே செய்யக்கூடிய முகல்லிது (பின்பற்றுபவர்) என்று அதற்குப் பொருள். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்ட, 'ஃபதாவா காழீகான்' எழுதிய காழீகானோ மூன்றாம் தரஜாவில் முஜ்தஹிதாக (இஜ்திஹாத் செய்பவராக) இருக்கிறார்! 'ஹிதாயா' என்ற ஹனஃபி சட்ட நூலின் ஆசிரியர் மர்கீனானியின் கதை இன்னும் வேதனை. அவரும் காழீகானும் ஒரே ஃபர்கானா மண்ணுக்காரர்கள். வஃபாத் முறையே ஹிஜ்ரி 593, 592. ஒரே காலம், ஒரே ஊர்ப்பக்கம். இருந்தும் மர்கீனானி ஐந்தாம் படியில் நிற்கிறார். எந்த அளவுகோலில் இது சரியாகும்?

இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் உஸூலில் (சட்டம் எடுக்கும் அடிப்படை விதிகளில்) தங்கள் உஸ்தாது இமாம் அபூஹனீஃபாவுக்கு மாறு செய்யவில்லை என்பது பட்டியலின் இன்னொரு அடிப்படை. தன்னைவிட வயதில் மூத்த அடிமையைக் காட்டி எஜமான் "இவன் என் மகன்" என்று சொன்ன மஸ்அலாவை (சட்டப் பிரச்சினையை) நீங்களே வகுப்பில் நடத்துகிறீர்கள். அவன் விடுதலையாவான் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). இல்லை என்றார்கள் ஸாஹிபைன், அதாவது அந்த இரு மாணவர்கள். மஜாஸ் (உருவகப் பொருள்) எதில் ஹகீகத்துக்கு (நேர்ப் பொருளுக்கு) பகரமாகிறது என்ற உஸூல் கருத்து வேறுபாடுதானே அதற்குக் காரணம்?

பட்டியலை மறுத்தவர்களும் ஹனஃபி மத்ஹபுக்கு (சட்டப்பள்ளிக்கு) வெளியாட்கள் அல்ல. ஒருவர் கஸான் நகரத்து ஷிஹாபுத்தீன் மர்ஜானி. இன்னொருவர் லக்னோவின் ஃபரங்கி மஹல் ஆலிம் குடும்பத்து மௌலானா அப்துல் ஹய், நாற்பது வயதைக்கூட எட்டாமல் கி.பி. 1886இல் மறைந்தவர். ஜஸ்ஸாஸையும் மர்கீனானியையும் கீழே இறக்கியதற்கு எழுந்த ஆட்சேபங்களை அவர் தம் 'அல்ஃபவாயிதுல் பஹிய்யா'வில் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கிதாபு உங்கள் குதுப்கானாக்களிலேயே (நூலகங்களிலேயே) இருக்கும்.

யாருடைய சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று முஃப்தி தெரிந்திருக்கத்தான் வேண்டும். அந்தத் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் 'நாலாம் தரஜா' என்று கேட்டுப் பழகிய பிள்ளை, ஜஸ்ஸாஸின் ஆதாரத்தை வாசிக்குமுன்பே அதன் எடையை முடிவுசெய்துவிடுகிறான். எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஆகவே அடுத்த தேர்வில் "ஏழு தரஜாக்களை எழுதுக" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஹிதாயாவிலும் ஃபதாவா காழீகானிலும் ஒரே மஸ்அலாவை எடுத்துக் கொடுங்கள். இருவரில் யாருடைய தர்ஜீஹ் (கருத்துகளில் ஒன்றைத் தேர்ந்து முற்படுத்துவது) வலுவானது, ஏன் என்று ஆதாரத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.