மூன்றாவதாக வந்தவளின் நன்றி மடல்

அன்புள்ள நம் வார்டு மக்களுக்கு,

வணக்கம். நம் மாநகராட்சித் தேர்தல் வாக்குகளை 2022 பிப்ரவரி 22ஆம் தேதி எண்ணி முடித்தார்கள். கவுன்சிலர் இடத்துக்குச் சுயேச்சையாக நின்ற நான் மூன்றாவது. டெபாசிட் தப்பியது. வென்ற அக்காவுக்கு அன்று மதியமே போன் போட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டேன். அவரும் "வீட்டுக்கு வாம்மா, பேசலாம்" என்றார். முடிவைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவுதான் இருக்கிறது.

வாக்களித்தவர்களுக்கு நன்றி. ஆனால் வாக்கு ரகசியமானது. யார் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இப்போது தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் "உனக்குத்தாம்மா போட்டேன்" என்கிறார்கள். அத்தனையும் விழுந்திருந்தால் மற்ற வேட்பாளர்கள் அனைவருக்கும் டெபாசிட் போயிருக்கும்! அதனால் இந்த மடலை வேறு சிலருக்காக எழுதுகிறேன். திரை மறைவில் பொத்தானை அழுத்திவிட்டுப் போவது ஒன்று. கட்சி இல்லாத ஒருத்திக்காக நாலு பேர் பார்க்க, தன் பெயரையும் கையெழுத்தையும் வாசல் திண்ணையையும் கொடுப்பது இன்னொன்று. அப்படிக் கொடுத்தவர்களுக்குத்தான் இது. உங்கள் பெயர்களைப் போடவில்லை. ஜெயித்தவர்கள், தோற்றவர்கள் எல்லோரும் இதே தெருக்களில்தான் நாளைக்கும் தண்ணீர் பிடிக்க வேண்டும். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி என் வேட்புமனுவை முன்மொழிந்த பெரியவருக்கு. அதே வார்டில் வாக்குள்ள ஒருவர் முன்மொழிய வேண்டும் என்பது விதி. கேட்க எளிதாகத்தான் இருக்கும். கட்சிக்காரர்களுக்கு அது ஒரு சடங்கு. சுயேச்சைக்கு அதுதான் முதல் தேர்தல். நான் கேட்டுப் போன சில வீடுகளில் காபி கொடுத்தார்கள், ஆசீர்வாதம் கொடுத்தார்கள், கையெழுத்து மட்டும் கொடுக்கவில்லை. "பையன் கான்ட்ராக்ட் எடுக்கறாம்மா, தப்பா நினைச்சுக்காத" என்றார் ஒருவர். தப்பாக நினைக்கவில்லை, அவர் நிலைமை அப்படி. இந்தப் பெரியவர் மட்டும் மனுவை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். என் சொத்து விவரம் எழுதிய இடத்தில் நிறுத்தி, "நகை இவ்வளவுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ சரி" என்று கையெழுத்துப் போட்டார். தாக்கல் செய்யும் நாளில் வெயிலில் என்னோடு வரிசையிலும் நின்றார்.

மனுவோடு எத்தனை காகிதம் என்பதைச் சொன்னால் அடுத்த முறை நிற்க நினைக்கும் பெண்களுக்கு உதவும். வாக்காளர் பட்டியலில் நம் பெயர் உள்ள பாகத்தின் நகல், சொத்தும் வழக்கும் பற்றிய உறுதிமொழி ஆவணம், வரி பாக்கி இல்லை என்று காட்ட ரசீதுகள், மாநகராட்சி வார்டுக்கு 4,000 ரூபாய் வைப்புத்தொகை. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு அதில் பாதி. உறுதிமொழி ஆவணத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடக் கூடாது, பொருந்தாத இடத்தில் "இல்லை" என்று எழுத வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த வழக்கறிஞர் தம்பிக்கு நன்றி. பிப்ரவரி 5ஆம் தேதி பரிசீலனையில் என் மனு நின்றதற்கு அவர்தான் காரணம். ஃபீஸ் கேட்கவே இல்லை. என் தம்பியின் கல்யாணப் பதிவு வேலையை அவரிடமே கொடுத்திருக்கிறேன், அதிலாவது வாங்கிக்கொள்ளட்டும்.

சின்னத்தின் கதை வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் 7ஆம் தேதி. அன்று மாலைதான் சுயேச்சைகளுக்குச் சின்னம் ஒதுக்கினார்கள். பிரசாரம் 17ஆம் தேதி மாலையோடு ஓய்ந்தது. பெரிய கட்சிகளின் சின்னங்களை இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தாத்தா காலத்திலிருந்து சுவரில் பார்த்தவை. எங்களுக்குப் பத்தே நாள். அதற்குள் ஒரு படத்தை ஆயிரக்கணக்கான மனங்களில் ஒட்ட வேண்டும். நான் முதலில் கேட்ட சின்னத்தை இன்னொருவரும் கேட்டார். சீட்டு குலுக்கினார்கள், அவருக்குப் போனது. எனக்கு வந்தது அடுப்படியில் கிடக்கிற ஒரு சாதாரணப் பொருள். வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது குறுக்குத் தெருப் பெண்கள் அன்றிரவே அந்தக் கவலையைத் தீர்த்தீர்கள். விடிந்து பார்த்தால் தெரு முழுக்க வாசலில் என் சின்னம்தான் கோலம். புள்ளி வைத்து, இழை போட்டு, நடுவில் அந்த அடுப்படிச் சாமான். ஒருத்தி போட்டது அச்சு அசல், இன்னொருத்தி போட்டது அண்டா மாதிரி இருந்தது. துண்டறிக்கையில் காசு கொட்டியும் வராத விளம்பரம் அது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது அதை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள். அந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வீட்டு ஆண்கள் முணுமுணுத்தும் நீங்கள் கோலத்தைக் கலைக்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

வீடு வீடாக என்னோடு நடந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? கொரோனா கட்டுப்பாட்டில் ஊர்வலங்களுக்குத் தடை இருந்தது. கட்சிகளுக்கு அது நஷ்டம். வேனும் மைக்கும் இல்லாத எங்களுக்கோ லாபம். எல்லோரும் கதவைத்தான் தட்ட வேண்டும், எங்களுக்கும் அதுதான் தெரியும். இந்த நடையில் நம் வார்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டது, இங்கேயே பிறந்து வளர்ந்த இத்தனை வருடத்தில் தெரியாதது. ஓர் அம்மா பேச்சைக் கேட்கவே மறுத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். பாதாளச் சாக்கடை மூடி உடைந்து, அதன் மேல் கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து, அதற்கு ஒரு சிவப்பு ரவிக்கைத் துணி கட்டியிருந்தார். "துணி நான் கட்டினது. நாற்காலியும் என்னுது. மாநகராட்சி பங்கு இதுல எதுவும் இல்ல" என்றார். அவர் வாக்கு யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

2011 அக்டோபருக்குப் பிறகு நம் மாநகராட்சிக்கு இப்போதுதான் தேர்தல். 2016இல் மன்றத்தின் காலம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லாமலே ஓடியது. 27, 28 வயதுத் தம்பி தங்கைகள் எத்தனை பேர் "அக்கா, மாநகராட்சிக்கு இதுதான் எனக்கு முதல் ஓட்டு" என்றீர்கள்! எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் போட்டுப் பழகியவர்கள், தன் தெரு விளக்குக்கு இப்போதுதான் போடுகிறார்கள். அதனால்தான் கவுன்சிலரால் ஆகாதவற்றையும் என்னிடம் கேட்டீர்கள். பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன். "அது தாலுகா ஆபீஸ் வேலை, எங்கே போகணும்னு சொல்றேன், நான் செஞ்சு தர்றேன்னு வாக்கு கொடுக்க மாட்டேன்" என்று சொன்னபோது சிலருக்குக் கோபம். "எல்லாம் செஞ்சு தர்றேன்னு சொல்றவங்க இருக்காங்க, நீ இப்படிப் பேசினா எப்படி ஜெயிப்ப?" என்று உரிமையோடு திட்டிய ஆத்தாவுக்கும் நன்றி. ஜெயிக்கவில்லை, ஆத்தா. ஆனால் பென்ஷன் மனுவை இந்த வாரம் எழுதித் தருகிறேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டம் பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்தாயிற்று. நம் வார்டும் பெண்களுக்கானது. இருந்தும் பாதி வீடுகளில் கதவைத் திறந்தவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்து, "வேட்பாளர் வரலையா?" என்றார். நான்தான் என்றால், "சரி, ஜெயிச்சா சார்தானே பார்ப்பாரு?" என்பது அடுத்த கேள்வி. போஸ்டரில் மனைவி படத்தைவிடப் பெரிதாகக் கணவர் படம் போட்டவர்களைப் பார்த்துப் பழகிய கண்கள். இவர் துண்டறிக்கையில் தன் படம் வேண்டாம் என்றார். பிரசாரத்துக்கும் ஒரு நாள்கூட என்னோடு வரவில்லை. வந்தால் எல்லோரும் தன்னிடம்தான் பேசுவார்கள் என்றார். வீட்டில் சமையலையும் பிள்ளைகளின் பரீட்சையையும் பார்த்துக்கொண்டார். சாம்பாரைப் பற்றிக் கருத்துச் சொல்ல மாட்டேன். வராமல் இருந்ததற்கு நன்றி.

19ஆம் தேதி வாக்குச்சாவடிகளில் எனக்கு முகவராக உட்கார்ந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுத ஆசை. கட்சிக்கு ஆள் பஞ்சமில்லை. சுயேச்சைக்கு ஒவ்வொரு பூத்துக்கும் ஆள் பிடிப்பது குதிரைக்கொம்பு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் உங்களில் பாதிப் பேர். வாக்குப்பதிவு 7 மணிக்கு. நீங்கள் இருட்டோடு எழுந்து அதற்கு முன்பே போய், மாதிரி வாக்குப்பதிவைப் பார்த்து, எந்திரத்தில் பூஜ்யம் காட்டியதா என்று சரிபார்த்து, எந்திர எண்ணைக் குறித்துக்கொண்டு, சீலில் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். தையல் வேலை செய்யும் தங்கை ஒருத்தி தன் பூத்தில் பதிவான மொத்த வாக்கு எண்ணிக்கையைத் தாளில் வாங்கி, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இரவு வந்து கொடுத்தாள். எண்ணிக்கை நாளில் மேசைக்கு வந்த எந்திரத்தின் எண்ணும் மொத்தமும் அந்தத் தாளோடு ஒத்துப்போனபோது, எனக்கு விழுந்த வாக்கைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு நிம்மதி வந்தது. தோற்றாலும் கணக்குச் சரி.

கடைசி ஒரு மணி நேரம், 5 முதல் 6 வரை, கொரோனா பாதித்தவர்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு அந்த நேரத்திலும் எழுந்து போகாமல் இருந்த முகவர்களே, உங்கள் வீட்டார் என்னைத் திட்டியிருப்பார்கள். நியாயம்தான். சாப்பாட்டு நேரத்தில் தன் பொட்டலத்தைப் பிரித்து எங்கள் பெண்ணுக்குப் பாதி கொடுத்த எதிர்முகாம் முகவர் அண்ணனுக்கும் இந்த மடலில் இடம் உண்டு. கட்சி அவரைக் கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறேன்.

வாக்குக்குப் பணக் கவர் வந்த இரவைப் பற்றி எழுத வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். யார் கொடுத்தார்கள் என்று எழுதவில்லை. வாங்கியவர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன், வேலையில்லாத வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். வாசலில் நீட்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலையில் அதைப் பற்றி யாரிடமும் பெருமை பேசாமல் வேலைக்குப் போனவர்கள் சிலரை மட்டும் எனக்குத் தெரியும். அவர்கள் எனக்கு வாக்களித்தார்களா என்று தெரியாது. அவர்களுக்கு ஒரு கும்பிடு.

செலவுக்கு ஐம்பதும் நூறுமாகக் கொடுத்தவர்களே, நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறோம். கல்லூரியில் வணிகவியல் படிக்கும் நம் பெண்தான் கணக்கு. டீ வாங்கிய துண்டுச் சீட்டைக்கூடக் கேட்டு வாங்கி ஒட்டினாள். ஒரு நாள் நான் சீட்டில்லாமல் வந்தபோது டீக்காசை என் சொந்தச் செலவில் சேர்த்தாள். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் அடுத்த தேர்தல்களில் நிற்கத் தடை வரலாம். அந்த வேலை நடக்கிறது. வந்த பணம், போன பணம் இரண்டையும் ஒரு தாளில் எழுதி, படிப்பகத்தின் வெளிச்சுவரில் ஒட்டப்போகிறேன். வைப்புத்தொகை திரும்பக் கிடைத்ததும் அதுவும் அந்தத் தாளில் வரவாக ஏறும். செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்தால்தான் அது திரும்பும். அந்தக் கோட்டைத் தாண்ட வைத்தவர்களும் நீங்கள்தான்.

இனி நடக்கப்போவது. நாம் நடந்து எழுதிய குறைப் பட்டியல் தெருவாரியாக இருக்கிறது. எரியாத விளக்குக் கம்பம், கழிவுநீர் கலந்து வரும் குழாய், குப்பை வண்டி திரும்ப முடியாத சந்து, நாற்காலி கவிழ்த்த அந்தச் சாக்கடை மூடி. அதை நகலெடுத்து, மார்ச் 2ஆம் தேதி பதவியேற்பு முடிந்ததும் வென்ற அக்காவிடம் நேரில் கொடுக்கிறேன். "தேர்தல் முடிஞ்சும் எதுக்கு இவங்களுக்கு நாம வேலை பார்க்கணும்?" என்று நம் பிள்ளைகள் சிலர் கேட்டார்கள். குறை அக்காவுடையதோ என்னுடையதோ இல்லை, அந்த வீட்டம்மாவுடையது. தெருக் குறைகளை மக்களோடு பேச வார்டு குழு, ஏரியா சபை என்றெல்லாம் சட்டத்தில் இருக்கிறது, நம் வார்டில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதை அமைக்கக் கேட்டு ஒரு மனுவும் அந்தப் பட்டியலோடு போகும். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வரலாம். இந்த முறை என்னை எதிர்த்து நின்ற கட்சிகளின் ஆட்களிடமும் கேட்பேன்.

கடன் வாங்கியவை: நாற்காலிகள் கோயில் கமிட்டிக்கு, கைமைக் ஆட்டோ ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டன. யாருடையது என்று தெரியாத நீலக் குடை ஒன்றும் ஓர் இடது கால் செருப்பும் என் வீட்டில் இருக்கின்றன. நம் போஸ்டர்களைக் கிழித்து எடுக்கும் வேலை ஞாயிறு காலை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தொடங்குகிறோம். துண்டறிக்கை ஒரு கட்டு மிச்சம். பின்பக்கம் வெள்ளைதான், பிள்ளைகளுக்குக் கணக்குப் போட வேண்டுமென்றால் சாயங்காலம் ட்யூஷன் நேரத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் வார்டின் சுயேச்சை வேட்பாளர்