சைக்கிள் திருத்துபவர்களுக்கும் நகரில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2009இல் போர் முடிந்து கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாண நகரம் நிறைய மாறிவிட்டது. வங்கிகள், லீசிங் கம்பனிகள், குளிரூட்டிய பெரிய கடைகள் வந்தன. 2014இல் கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயிலும் திரும்பி வந்தது. சரி, சந்தோஷம்தான்.

ஆனால் தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், இந்த ஊரைத் தாங்கியவை சின்னத் திருத்தக் கடைகள். பெற்றோல் இல்லாதபோது காரை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். மின்சாரம் இல்லாதபோது சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்க வழிசெய்தார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுகூட எத்தனையோ தரம் சைக்கிளில்தான்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் அப்படி ஒரு முதியவர் இருக்கிறார். ரியூபுக்குக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டே அரத்தாளைத் தேடுவார். ஒட்டி முடித்ததும் பிறேக்கையும் ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். அதற்குக் காசு வாங்கமாட்டார். கடை வாடகை கட்டுப்படியாகாமல் வீதியோரத்துக்கு வந்தவர். மழை பெய்தால் அன்றைக்குத் தொழில் இல்லை.

மாநகரசபை கடைத்தொகுதி கட்டும்போது திருத்தும் தொழில் செய்பவர்களுக்கென்று குறைந்த வாடகையில் சில கடைகளை ஒதுக்க வேண்டும். லட்சக்கணக்கில் முற்பணம் கேட்டால் இவர்கள் எங்கே போவார்கள்? அதுவரை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு தகரக் கூரையாவது போட்டுக் கொடுங்கள். மாரி தொடங்குவதற்கு முன் அதைச் செய்ய முடியும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
நல்லூர்.