ஃபார்முலா பாரத் அணிகளுக்கு, உங்கள் எக்ஸாஸ்ட் பைப் பற்றி

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில், கல்லூரி மாணவர்கள் நீங்களே கட்டிய ரேஸ் கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டிக்கு வரும்போது, எல்லாரும் வண்டியின் மூக்கைப் பார்ப்பார்கள். நான் பின்னால் போய் எக்ஸாஸ்ட் பைப்பை, அதாவது புகைக்குழாயைப் பார்ப்பேன். வெல்டிங் பிடித்த கையின் பழக்கம்.

நாலு சிலிண்டர் 600 சிசி எஞ்சினில் நாலு சிலிண்டரின் புகைக்குழாயையும் ஒரே இடத்தில் ஒன்றாகச் சேர்த்து 4-1 ஹெடர் போடுகிறீர்கள். கேட்டால், ரேஸ் பைக்கில் இப்படித்தான் இருக்கிறது என்கிறீர்கள். அந்த பைக்குக்குத் தொண்டையில் அடைப்பு இல்லையே! உங்கள் எஞ்சின் மூச்சு விடுவது 20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் வழியாக, அதாவது காற்று உள்ளே போகும் வழியைக் குறுக்கும் துளை வழியாக. அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதற்குமேல் எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் கூடுதல் காற்று வராது. காற்றே கிடைக்காத உச்ச ஆர்.பி.எம்-முக்கு, அதாவது எஞ்சினின் உச்ச சுழற்சி வேகத்துக்கு, எதற்குப் பைப் கட்டுகிறீர்கள்?

புகை வெளியேறும் வால்வ் திறந்ததும் பைப்பில் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. பைப் அகலமாகும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. காற்று நுழையும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் சற்றே திறந்திருக்கும் சமயம் பார்த்து அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துப் புதுக் காற்றுக்கு இடம் பண்ணும். 8000 ஆர்.பி.எம்-மில் ஒரு சுற்றுக்கே 7.5 மில்லி விநாடிதான். ஆர்.பி.எம் குறையக் குறைய அலைக்கு நீளமான பைப் வேண்டும்.

நாலு பைப்பை முதலில் இரண்டாகவும் பிறகு ஒன்றாகவும் சேர்ப்பது 4-2-1 ஹெடர். அதில் சிலிண்டர்களை 1-4, 2-3 என்று ஜோடி சேர்க்கிறோம். ஒரு ஜோடிக்குள் வெடிப்புகள் 360 டிகிரி இடைவெளியில் வருவதால் ஒன்றையொன்று இடிக்காது, நடு ஆர்.பி.எம்-மில் டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை) பரவலாகக் கிடைக்கும். வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து ஏற்றும் ஆட்டோகிராஸில் உங்களுக்கு வேண்டியது அதுதானே? எடையும் இடமும் கொஞ்சம் கூடும், ஒத்துக்கொள்கிறேன்.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சண்டையே இல்லை. நீளமும் விட்டமும் மட்டும்தான். அங்கேயும் சத்தத்துக்காகப் பெரிய பைப் போடாதீர்கள். புகையின் வேகம் விழுந்தால் இழுப்பும் விழும். பெண்டில் பைப் நசுங்கினால் போட்ட கணக்கெல்லாம் வீண், உள்ளே அச்சு வைத்து நசுங்காமல் வளைத்த மாண்ட்ரல் பெண்டே வாங்குங்கள்.

அடுத்த முறை ஒரு வேலை செய்யுங்கள். ஸ்பிரிங் மாட்டிய ஸ்லிப் ஜாயிண்ட் (ஒரு பைப் இன்னொன்றுக்குள் நுழையும் இணைப்பு) வைத்து, ஐந்து சென்டிமீட்டர் வீதம் நீளத்தை மாற்றி டைனோவில் (எஞ்சினின் டார்க்கை அளக்கும் கருவியில்) ஓட்டுங்கள். அந்த டார்க் வரைபடத்தோடு பிட்டுக்கு வாருங்கள். டீ என் செலவு.

அன்புடன்,
பின்னால் நின்று பார்க்கும் ஒரு பழைய வெல்டர்